சாவி நம்மிடம், பத்திரம் அவரிடம்: சிகாகோ நார்த் லான்டேல் வீடுகள், ஒரு நிகழ்வு ஆய்வு

குடிவந்த மூன்றாவது மாதத்தில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் கெட்டுப்போனது. சிகாகோ குளிரில் பாய்லர் இல்லாமல் காலம் தள்ள முடியாது. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்து தரச் சொல்லலாம். சொந்த வீடாக இருந்தால் வீட்டை வைத்து வங்கியில் கொஞ்சம் கடன் வாங்கிப் புதிது மாட்டலாம். கிளைட் ராஸ் என்ற அந்த மனிதருக்கு இரண்டு வழியும் அடைபட்டிருந்தது, ஏனென்றால் பழுது பார்க்கிற பொறுப்பு அவருடையது என்று ஒப்பந்தம் சொன்னது, அதே ஒப்பந்தம் வீடு அவருடையது இல்லை என்றும் சொன்னது.

அவர் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேலில் பிறந்தவர், கறுப்பினத்தவர். 1947-இல் சிகாகோவுக்கு வந்து தொழிற்சாலை வேலையில் சேர்ந்தார். 1961-இல் நகரின் மேற்குப் பகுதியான நார்த் லான்டேலில் 27,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். ஆறே மாதத்துக்கு முன் விற்றவர் அதே வீட்டை 12,000 டாலருக்கு வாங்கியிருந்தார் என்பது ராஸுக்கு அப்போது தெரியாது. முன்பணம் 1,000 டாலர். மீதியை மாதாமாதம் கட்ட வேண்டும். கடைசித் தவணை கட்டி முடிக்கும் வரை பத்திரம் விற்றவர் பெயரில்தான் இருக்கும். இடையில் ஒரு தவணை தவறினால் முன்பணம், அதுவரை கட்டிய மாதத் தவணை, வீடு மூன்றும் போய்விடும்.

இன்று அமெரிக்காவில் 'ரென்ட் டு ஓன்', 'லீஸ் ஆப்ஷன்', 'கான்ட்ராக்ட் ஃபார் டீட்' என்று பல பெயரில் நடக்கிற, குடியிருந்துகொண்டே வீட்டை வாங்கும் ஏற்பாடுகளைப் புரிந்துகொள்ள நார்த் லான்டேலை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு சின்ன விளக்கம் முதலில். 'லீஸ்' என்றதும் தமிழ்நாட்டில் நமக்கு ஒத்தி, போக்கியம் நினைவுக்கு வரும்: மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பி வாங்குகிற முறை. இங்கே பேசப்போவது அதற்கு நேர் எதிர். இதில் கட்டுகிற பணம் திரும்பாது. வாடகையை விடக் கூடுதலாகக் கட்டி, அந்தக் கூடுதல் ஒருநாள் வீட்டு விலையில் கழியும் என்ற நம்பிக்கையில் குடியிருக்கிறீர்கள். அந்த ஒருநாள் வருமா வராதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஏன் இப்படி வாங்கினார்கள்?

படிப்பறிவு இல்லாததால் ஏமாந்தார்கள் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அது தவறு, அநியாயமும்கூட. அவர்களுக்கு வேறு கதவே திறந்திருக்கவில்லை.

1934-இல் அமெரிக்க அரசு எஃப்.எச்.ஏ. (கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம்) என்ற அமைப்பைத் தொடங்கியது. வங்கி கொடுக்கும் வீட்டுக்கடனுக்கு அரசு காப்புறுதி தரும். அந்தக் காப்புறுதி இருந்ததால்தான் சிறிய முன்பணம், குறைந்த வட்டி, நீண்ட தவணை என்ற இன்றைய வீட்டுக்கடன் முறை சாதாரண மக்களுக்கு எட்டியது. ஆனால் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்கும், அவர்கள் குடிவரத் தொடங்கிய பகுதிகளுக்கும் அந்தக் காப்புறுதி கிடைக்கவில்லை. வரைபடத்தில் சிவப்பு வண்ணம் பூசி ஆபத்தான பகுதி என்று ஒதுக்கினார்கள். ரெட்லைனிங் என்ற சொல் அப்படி வந்ததுதான். அரசு பின்வாங்கியதும் வங்கிகளும் பின்வாங்கின. சம்பளம் இருக்கும், சேமிப்பு இருக்கும், ராணுவத்தில் வேலை பார்த்த சான்றிதழ்கூட இருக்கும், கடன் மட்டும் கிடைக்காது.

இன்னொரு பக்கம் வெள்ளையர்களைப் பயமுறுத்தி வீட்டை விற்க வைக்கும் தரகர்கள் இறங்கினார்கள். 'உங்கள் தெருவுக்குக் கறுப்பர்கள் வரப்போகிறார்கள், இப்போதே விற்றுவிடுங்கள், அடுத்த மாதம் பாதி விலைகூடக் கிடைக்காது' என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். பிளாக் பஸ்டிங் என்பது இதன் பெயர். நார்த் லான்டேலில் 1950-இல் கறுப்பின மக்கள் சுமார் 13 சதவீதம், 1960-இல் 91 சதவீதம். பத்து ஆண்டில், ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஒரு பகுதியில், ஊரே மாறிவிட்டது. பயந்து விற்றவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, வேறு வழியில்லாமல் வாங்குபவரிடம் இரண்டு மடங்குக்கு விற்றார்கள். நடுவில் நின்றவருக்கு இரண்டு பக்கமும் லாபம்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. வீடு வாங்க விரும்பிய கறுப்பினக் குடும்பத்துக்குக் கடன் தர மறுத்த அதே சேமிப்பு வங்கிகள் இடைத்தரகருக்குக் கடன் கொடுத்தன. அதாவது, பணம் அந்தத் தெருவுக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. குடியிருப்பவர் கையைத் தொடாமல் தரகர் வழியாக வந்தது, போகும்போது இரண்டு மடங்காகப் போனது.

மார்க் சாட்டர் என்ற வழக்கறிஞர் 1950-களிலேயே இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்தார். சிகாகோவில் கறுப்பினத்தவர் வாங்கிய வீடுகளில் சுமார் 85 சதவீதம் இப்படி ஒப்பந்தத்தில் வாங்கியவை என்பது அவருடைய கணிப்பு. 1965-இல், 49 வயதில், அவர் இறந்துபோனார். டியூக் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2019-இல் வெளியிட்ட ஆய்வும் 75 முதல் 95 சதவீதம் வரை என்றே சொல்கிறது. அதே ஆய்வின்படி விலை சராசரியாக 84 சதவீதம் ஏற்றி விற்கப்பட்டது, 1950 முதல் 1970 வரை அந்த மக்கள் இழந்தது இன்றைய மதிப்பில் 300 கோடி முதல் 400 கோடி டாலர் வரை.

ராஸின் வீட்டை வைத்து ஒரு கணக்கு

பெரிய தொகைகளைப் படித்தால் மனதில் தங்காது. அதனால் ஒரு வீட்டின் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். ராஸின் வீட்டு விலை இரண்டும் உண்மை. வட்டி 7 சதவீதம், காலம் 20 ஆண்டு என்பது என் அனுமானம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டது.

12,000 டாலருக்கு நேரடியாக வங்கிக் கடனில் வாங்கியிருந்தால், முன்பணம் 1,000 போக 11,000-க்கு மாதத் தவணை ஏறத்தாழ 85 டாலர். 27,500-க்கு ஒப்பந்தத்தில் வாங்கினால், முன்பணம் போக 26,500-க்கு மாதம் ஏறத்தாழ 205 டாலர். மாதம் 120 டாலர் வித்தியாசம், 240 மாதத்துக்கு 28,800 டாலர். தரகர் கொடுத்த விலையில் இன்னும் இரண்டு வீடு வாங்கி, மிச்சமும் இருந்திருக்கும்.

அதை விட முக்கியம் பத்தாவது ஆண்டின் முடிவில் இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்பது. வங்கிக் கடன் வாங்கியவர் இன்னும் சுமார் 7,350 டாலர் கடன் வைத்திருப்பார், வீடு அதே 12,000 பெறும் என்று வைத்தாலும் 4,650 டாலர் அவருடைய சொத்து. வேலை போய் விற்க வேண்டி வந்தால் அந்தப் பணம் கையில் வரும். ஒப்பந்தத்தில் வாங்கியவரோ முன்பணத்தையும் சேர்த்து 25,650 டாலர் கட்டியிருப்பார், அதாவது தரகர் வாங்கிய விலையின் இரண்டு மடங்குக்கு மேல், அதற்குப் பிறகும் 17,700 டாலர் பாக்கி இருக்கும். பதினோராவது ஆண்டில் காய்ச்சல் வந்து ஒரு மாதம் படுத்துவிட்டால் கையில் ஒன்றும் இல்லை. 12,000 பெறுமானமுள்ள வீட்டின் மேல் 17,700 பாக்கி இருந்தால் எந்த வங்கியும் அதை மாற்றி எடுக்காது. ஆக, பின்னால் வங்கிகள் மனம் மாறிக் கடன் தர வந்தாலும் அவரால் தப்பிக்க முடியாது. விலையை ஏற்றியது லாபத்துக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன், கணக்குப் போட்ட பிறகுதான் அது பூட்டாகவும் வேலை செய்தது என்று புரிந்தது.

இந்தப் பூட்டின் விளைவு அந்தத் தெருக்களில் கண்ணுக்குத் தெரிந்தது. தவணை கட்ட இரண்டு வேலை, மூன்று வேலை பார்த்தார்கள். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டார்கள், அறைகளைத் தடுத்து இன்னொரு குடும்பத்தைக் குடிவைத்தார்கள். பழுது பார்க்கப் பணம் மிஞ்சவில்லை. பிள்ளைகளோடு இருக்க நேரம் மிஞ்சவில்லை. வீடுகள் சிதைந்தன. பிறகு வெளியில் இருந்து பார்த்தவர்கள் 'பாருங்கள், இவர்கள் வந்ததும் ஊர் கெட்டுவிட்டது' என்றார்கள்.

சட்டம் எங்கே இருந்தது?

சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் சட்டப்படி அடமானக் கடன் வாங்கியவர் தவணை தவறினால் கடன் கொடுத்தவர் நீதிமன்றம் போய், வழக்கு நடத்தி, ஏலத்துக்கு விட்டு, தன் பாக்கியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். அதற்குள் பாக்கியைக் கட்டி மீட்கும் உரிமையும் உண்டு. ஒப்பந்தத்தில் வாங்கியவருக்கு இது எதுவும் கிடையாது. வாடகைக்காரரைக் காலி செய்வதற்கான விரைவு வழக்கையே இவர்கள் மேலும் போட்டார்கள். தவணை தவறினாரா, ஆம், வெளியே போ. முடிந்தது. வரி கட்டும்போது உரிமையாளர், காப்பீட்டுக்கு உரிமையாளர், பாய்லர் மாற்ற உரிமையாளர், வெளியேற்றும்போது மட்டும் வாடகைக்காரர்.

விற்றவர் யார் என்பதே பலருக்குத் தெரியாது. இல்லினாயில் லேண்ட் டிரஸ்ட் என்று ஒரு ஏற்பாடு உண்டு, வங்கியின் அறக்கட்டளைப் பிரிவு ஒன்றின் பெயரில் சொத்து நிற்கும், உண்மையான உடைமையாளர் பெயர் பதிவேட்டில் வராது. ஒரே ஆள் நூற்றுக்கணக்கான வீடு வைத்திருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே ஆள்தான் விற்றிருக்கிறார் என்று தெரியாது. ஒப்பந்தங்கள் பதிவு செய்யப்படவும் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தான் மட்டும் ஏமாந்துவிட்டோம், வெளியே சொன்னால் வெட்கம் என்று வாயை மூடிக்கொண்டு கட்டிக்கொண்டே இருந்தது. இந்த வெட்கம்தான் அந்தத் தொழிலைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

கூட்டாகப் பேசத் தொடங்கியபோது

1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நார்த் லான்டேலின் ஹாம்லின் அவென்யூவில் ஒரு வாடகை வீட்டில் குடியேறி, சிகாகோவின் வீட்டுவசதிப் பாகுபாட்டை நாட்டின் கண்முன் கொண்டுவந்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஜாக் மெக்னமாரா என்ற இளைஞர் அங்கே வந்தார். பாதிரியாராகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த இயேசு சபையைச் சேர்ந்தவர். கூடச் சில கல்லூரி மாணவர்கள். வீடு வீடாகப் போய் மக்களிடம் பேசிப் பேசி, இந்த ஒப்பந்த விஷயத்தை மெல்ல மெல்லக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் மாணவர்கள் பழைய பத்திரப் பதிவுகளைத் தோண்டினார்கள். அன்றைய பத்திரங்களில் ஒட்டியிருந்த வரி வில்லைகள் இதற்குக் கைகொடுக்கும்: 500 டாலருக்கு 55 சென்ட் என்ற விகிதத்தில் வில்லை ஒட்ட வேண்டும், ஆகவே வில்லைகளைக் கூட்டினால் தரகர் எந்த விலைக்கு வாங்கினார் என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். நம் ஊரில் தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பார்ப்பது போன்ற வேலைதான். ஒரு குடும்பத்திடம் போய் 'நீங்கள் இவ்வளவு கொடுத்தீர்கள், அவர் வாங்கியது இவ்வளவுக்கு' என்று இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரூத் வெல்ஸ் என்ற பெண்மணிதான் முதலில் தன் வீட்டை விற்றவரை நேருக்கு நேர் போய்க் கேட்டவர். அவருக்கு அன்று சாதகமான பதில் கிடைக்கவில்லை. ஆனால் ஒருவர் கேட்டுவிட்டார் என்ற செய்தி தெருவெல்லாம் பரவியது. 1968 தொடக்கத்தில் கான்ட்ராக்ட் பையர்ஸ் லீக், அதாவது ஒப்பந்தத்தில் வாங்கியவர்களின் சங்கம், உருவானது. புதன்கிழமை இரவுகளில் பிரசென்டேஷன் தேவாலயத்தில் கூட்டம். முதலில் சிலர், பிறகு நூற்றுக்கணக்கானோர். எழுந்து நின்று தன் வீட்டின் இரண்டு விலையையும் சொல்வார்கள். அந்தக் கூட்டங்களின் முக்கிய வேலையே அதுதான் என்று தோன்றுகிறது, இத்தனை வருடம் மூடி வைத்த தொகையைச் சபையில் வாய்விட்டுச் சொல்வது. கிளைட் ராஸ் அதன் தலைவர்களில் ஒருவரானார்.

சங்கம் கேட்டது பெரிதாக எதுவும் இல்லை. நியாயமான விலைக்கு ஒப்பந்தத்தை மாற்றி எழுதுங்கள், கூடுதலாக வாங்கிய பணத்தைக் கணக்கில் வையுங்கள். விற்றவர்கள் மறுத்தார்கள். 1968 டிசம்பரில் தவணை மறியல் தொடங்கியது, அதாவது விற்றவருக்குத் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். பணத்தைச் செலவு செய்யவில்லை, சங்கத்தின் பொறுப்பில் தனிக் கணக்கில் சேர்த்து வைத்தார்கள். சில மாதங்களில் 500 குடும்பங்களுக்கு மேல் சேர்ந்தன. நகரின் தெற்குப் பகுதியில் புது வீடுகளை இதே முறையில் வாங்கியவர்களும் வந்து இணைந்தார்கள். ஒரு தவணை தவறினாலே எல்லாம் போய்விடும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் தெரிந்தே தவணையை நிறுத்தினார்கள் என்பதை ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். பல வருட உழைப்பை வைத்து எடுத்த முடிவு அது.

1970-இல் வெளியேற்றம் தொடங்கியது. ஷெரிஃப் ஆட்கள் வந்து கட்டில், நாற்காலி, அடுப்பு, பிள்ளைகளின் துணி எல்லாவற்றையும் நடைபாதையில் கொண்டு வைத்தார்கள். அவர்கள் போனதும் அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து அத்தனை சாமானையும் திரும்ப வீட்டுக்குள் தூக்கி வைத்தார்கள். இதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். அது எல்லாருக்கும் எல்லா நாளும் பலிக்கவில்லை, சில குடும்பங்கள் நிரந்தரமாக வீட்டை இழந்தன.

நீதிமன்றத்தில் கதை கலவையானது. 1970-இல் ரோஸ்வுட் கார்ப்பரேஷன் எதிர் ஃபிஷர் என்ற வழக்கில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது: ஒப்பந்தத்தில் வாங்கியவரை வெளியேற்ற வழக்குப் போட்டால், அந்த ஒப்பந்தமே மோசடியானது, மனசாட்சிக்கு விரோதமானது என்று அவர் அதே வழக்கில் வாதாடலாம். தவணை கட்டினாயா இல்லையா என்ற ஒரே கேள்வியோடு முடிந்த காலம் போனது. கூட்டரசு நீதிமன்றத்தில் போட்ட பெரிய வழக்குகள் 1866-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தை ஆதாரமாக வைத்தன. சொத்து வாங்குவதில் வெள்ளையருக்கு உள்ள அதே உரிமை எல்லாருக்கும் உண்டு என்பது அந்தச் சட்டம். மற்றவர்கள் உண்டாக்கிய பாகுபாட்டைப் பயன்படுத்திக் கூடுதல் விலை வாங்கினாலும் அது சட்டமீறல்தான் என்ற வாதத்தை 1974-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் விசாரணையில் தோற்றார்கள். மேற்குப் பகுதி வழக்கில் 1976-இல் ஜூரி விற்றவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, தெற்குப் பகுதி வழக்கு 1983 வரை இழுத்து அதுவும் தோல்வியில் முடிந்தது.

சட்டப்படி தோல்வி. ஆனால் மறியலின் அழுத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் ஒப்பந்தங்கள் குறைந்த விலைக்குத் திருத்தி எழுதப்பட்டன. பிறகு சட்டமும் மெதுவாக நகர்ந்தது. 1987 ஜூலைக்குப் பின் எழுதும் ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு மேற்பட்டதாக இருந்து, பாக்கித் தொகை மொத்த விலையில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால், அதை அடமானம் போலவே நடத்த வேண்டும் என்று இல்லினாய் சட்டம் ஆனது. 2018-இல் வந்த தனிச் சட்டம் இப்படி வீடு விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதையும், தவணை தவறினால் 90 நாள் அவகாசம் கொடுப்பதையும் கட்டாயமாக்கியது. மறியல் தொடங்கி ஐம்பது ஆண்டு.

பெயர் மாறி வந்தது

2008 வீட்டுக்கடன் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகள் கடன் தவறி வங்கிகளிடமும், அரசு ஆதரவு பெற்ற ஃபேனி மே நிறுவனத்திடமும் குவிந்தன. சிதைந்து கிடந்த மலிவு வீடுகளை முதலீட்டு நிறுவனங்கள் கட்டுக்கட்டாக வாங்கின. ஒரு நிறுவனம் மட்டும் ஆயிரக்கணக்கில் வாங்கியது. தண்ணீர்க் குழாய் இல்லாத, கூரை ஒழுகும் வீடுகளை இருக்கிற நிலையிலேயே, பழுது உங்கள் பாடு என்று கடன் கிடைக்காத மக்களிடம் விற்றார்கள். பலர் இந்த முறை 'விற்பனை ஒப்பந்தம்' என்ற பெயரையும் எடுத்துவிட்டு 'வாங்கும் உரிமையோடு வாடகை' என்று எழுதிக்கொண்டார்கள். வாடகை என்று சொன்னால் வாடகை வீட்டுக்கு இருக்க வேண்டிய வசதிகள் இருக்க வேண்டும், விற்பனை என்று சொன்னால் கடன் சட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள். 2019-இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டபோது வைத்த வாதமே இதுதான், இது வாடகை வேடம் போட்ட, உரிமம் இல்லாத வீட்டுக்கடன் என்று.

டெக்சாஸ் இதில் ஒரு படி முன்னால் யோசித்தது என்று சொல்வேன். மெக்சிகோ எல்லையோரக் குடியிருப்புகளில் இதே அநியாயம் நடந்ததால் 1995-லிருந்தே சட்டம் இயற்றத் தொடங்கினார்கள். வாடகை ஒப்பந்தத்தோடு வாங்கும் உரிமையையும் சேர்த்து எழுதினால், நீங்கள் என்ன பெயர் வைத்தாலும், 180 நாளுக்குள் பத்திரம் கொடுத்து முடிக்காவிட்டால் பொதுவாக அது தவணை விற்பனை ஒப்பந்தம் என்றே அங்கே கணக்கு, காலத்தைப் பொறுத்து அதற்கான பாதுகாப்புகள் வந்து சேரும். முழுத் தவணை ஒப்பந்தத்தில் 48 தவணையோ விலையில் 40 சதவீதமோ கட்டியவரைச் சும்மா வெளியே அனுப்ப முடியாது, முறைப்படி ஏலம் விட்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும்.

நம் சட்டத்தில் இதே அடிப்படை எங்கே இருக்கிறது என்று கேட்டால், சொத்து மாற்றச் சட்டத்தின் 54-ஆம் பிரிவைப் பாருங்கள்: கிரய ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம், அது ஒரு நல்ல காப்பு. வீட்டுவசதி வாரியத்தில் தவணை முறையில் வீடு வாங்கியவர்களுக்கும் முழுப் பணமும் கட்டிய பிறகுதான் கிரயப் பத்திரம், அதனால் கடைசித் தவணைக்கும் பத்திரத்துக்கும் நடுவில் உள்ள காலத்தின் கனம் அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டை இப்படிக் கொடுக்க நினைப்பவருக்கு

இந்த முறையே பாவம் என்று நான் சொல்லவில்லை. கடன் வரலாறு சரியில்லாத, சொந்தத் தொழில் செய்து வருமானச் சான்று காட்ட முடியாத நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், இரண்டு மூன்று வருடம் அவகாசம் கிடைத்தால் வங்கிக் கடன் வாங்கிவிடுவார்கள். அவர்களுக்கு இது உண்மையான படிக்கட்டு.

ஆனால் கொடுப்பவர் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: குடியிருப்பவர் வாங்கி முடித்தால் எனக்கு லாபம் அதிகமா, பாதியில் தோற்றால் அதிகமா? 2,00,000 டாலர் வீடு, பின்னால் வாங்கும் உரிமைக்காக முதலிலேயே கொடுக்கும் தொகை 6,000, மாத வாடகை 1,600, அதற்கு மேல் விலையில் கழிப்பதற்காக 200 என்று மூன்று வருட ஒப்பந்தம் எழுதினால், அவர் வாங்காமல் போகும்போது 13,200 டாலர் சும்மா உங்களுக்கு வருகிறது, அடுத்த ஆளிடம் மறுபடி அதே 6,000 வாங்கலாம். நார்த் லான்டேலில் ஒரே வீட்டைத் திரும்பத் திரும்ப விற்றவர்கள் செய்தது இதைத்தான். இதைச் சரிசெய்ய வழி உண்டு. கூடுதல் 200-ஐத் தனிக் கணக்கில் போட்டு, வாங்காவிட்டால் அதில் ஒரு பகுதியாவது திருப்பித் தருவதாக எழுதுங்கள். பெரிய பழுதுகளை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும் வரை கூரையும் பாய்லரும் உங்களுடையவைதான். கையெழுத்துக்கு முன்பே அவரை ஒரு கடன் அதிகாரியிடம் அனுப்பி, மூன்று வருடத்தில் கடன் கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லை என்று பதில் வந்தால் வெறும் வாடகைக்கு விடுங்கள், ஆசை காட்டி அந்த 200-ஐ வாங்காதீர்கள்.

வாங்குபவர் பக்கம், விலையைச் சுயேச்சையான மதிப்பீட்டாளரை வைத்துப் பாருங்கள், வீட்டை ஓர் ஆய்வாளரை வைத்துப் பாருங்கள், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அதோடு இன்னொன்று, பலர் விட்டுவிடுவது: விற்பவர் அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் வைத்திருக்கிறாரா, அதை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று கேளுங்கள். நீங்கள் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியும் அவர் தன் கடனைக் கட்டாமல் விட்டால் வங்கி வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். முடிந்தால் உங்கள் தவணையில் அவருடைய கடன் பாகத்தை நேரடியாக அந்த வங்கிக்கே கட்ட ஏற்பாடு கேளுங்கள், மறுத்தால் மாதாமாதம் கடன் கட்டிய ரசீதாவது காட்ட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அதுவும் முடியாது என்பவரிடம் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள்.